பறவைப் படம் பிடிக்க வருவோர் முதலில் பார்க்கவேண்டியது நீர்மட்டத்தை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த, வன்னியில் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படம் பிடிக்கச் செல்வோருக்கு உகந்த இடங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் பக்கத்துக் குளங்களும் கடலோர நீரேரிகளும் நடுப்பக்கத்தை நிறைத்திருந்தது மகிழ்ச்சியாகவே இருந்தது; போர்ச் செய்தியிலும் வெள்ளச் செய்தியிலும் மட்டுமே அச்சேறி வந்த ஊர்ப்பெயர்கள் அவை. ஆயினும் கட்டுரையாளர் இடப்பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் போகும் பாதையைக் குறிப்பிட்டு, பாடசாலை விடுமுறையில் குடும்பத்துடன் சென்று வரலாம் என்று முடித்துவிட்டார். எந்த மாதத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கும்போது, கட்டின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்குப் போவது என்பவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இவற்றைக் கேளாமல் இடத்தைத் தெரிவு செய்வது, மாரிக் காலபோகமா கோடைச் சிறுபோகமா என்று கேளாமல் விதைநெல் வாங்குவதற்குச் சமம்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் களப்பணி செய்து ஓய்வு பெற்றவன். குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் துருசில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலையில் வாசித்துக் குறிப்பதே என் வேலைகளில் பெரும்பகுதி; அந்த வேளையில் குளத்தில் வேறு யாரும் இருப்பதில்லை, பறவைகள்தான் இருக்கும். ஆகவே எந்த அடியில் எந்தப் பறவை நிற்கும் என்பது, யாரும் கற்பிக்காமலே, நீர்க்கணக்கோடு சேர்ந்து மனதில் பதிந்துவிட்டது. ஓய்வுக்குப் பின்னர் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற பழைய கமராவுடன் சுற்றத் தொடங்கினேன். இப்போது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருவோர் சிலர் என்னையும் கூட அழைத்துச் செல்கிறார்கள். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மன்னார்ப் பக்கத்து வங்காலையை எடுத்துக்கொள்வோம். கட்டுரை அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட, 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தச் சதுப்பும் உவர்வெளியும் முட்பற்றையும் கண்டல் காடும் சேர்ந்த நிலம், மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா ஊடாகத் தெற்கே வரும் வலசைப் பறவைகளுக்குத் தரைவழி ஏறக்குறைய முடியும் இடமாகும். ஆனால், கனடாவிலிருந்து வந்த என் தங்கையின் மகனை, அவன் கேட்டுக்கொண்டபடி, ஒரு கார்த்திகை மாதத்தில் நான் அங்கே அழைத்துச் சென்றபோது, தள்ளாடிச் சந்தி தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் தண்ணீரும் மழையும்தான். ஒரு கம்பத்தின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்தபடி நனைந்துகொண்டிருந்தது. முழங்கை நீளக் கண்ணாடியைக் கமராவில் பூட்டி மூன்று நாள் காத்திருந்தவன், அந்த நீர்க்காகத்தின் படத்துடன் விமானம் ஏறினான். அவனுக்கு விடுமுறை அப்போதுதான் கிடைத்தது என்பதற்காக நான் ஒத்துக்கொண்டது என்னுடைய பிழை.

மறுமுறை அவன் மாசியில் வந்தான். அதே வீதியில், அதே மதகுக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, யன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினோம். நூறு மீற்றருக்கும் குறைவான தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாகத் தண்ணீரில் வைத்து, காலால் சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் ஓரமாக நின்றன. அவற்றுக்கு அப்பால் ஊசிவால் தாராக்களும் நாமத்தலைத் தாராக்களும் மிதக்க, இந்தப் பக்கம் கருவால் மூக்கன்கள் அலகு முழுவதையும் சேற்றுக்குள் இறக்கி இறக்கி எடுத்தன. "மாமா, இது அதே இடந்தானா?" என்று அவன் கேட்டான். அதே இடந்தான்; நீர் மாத்திரம் இரண்டடி இறங்கியிருந்தது.

இதற்குக் காரணம் எளிது. பூநாரை நின்று இரை தேடும் பறவை. தரையில் கால் எட்டாத ஆழத்தில் அது நீந்தும், ஆனால் கூட்டமாக நின்று மேயாது. சேற்றில் இரை தேடும் உள்ளான் இனங்களுக்குக் கணுக்கால் அளவு நீரே அதிகம். நீர் வற்றி ஓரத்தில் ஈரச் சேறு வெளிப்பட்டால்தான் அவை இறங்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டும்போது, வலசைப் பறவைகள் மன்னாரை வந்தடைந்திருந்தாலும், அவை நிற்பதற்கு ஆழங்குறைந்த நீர் இருப்பதில்லை. எனவே நீரேரிக்கரைகளுக்குத் தையும் மாசியும் பங்குனியின் முற்பாதியுமே தகும். அக்கட்டுரை பரிந்துரைத்த சித்திரை விடுமுறையில் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கு நோக்கிக் கிளம்பியிருக்கும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து, முதுகில் சிறு கருவி பொருத்தி விட்ட பெரிய கடற்காகங்கள், வடதுருவத்தை அண்டிய ரஷ்யக் கரை வரை போய்த் திரும்பியதைப் பத்திரிகைகள் முன்னரே எழுதியிருக்கின்றன. அத்தனை தூரம் போகவேண்டிய பறவை நம் பாடசாலைத் தவணை அட்டவணையைப் பார்த்துக்கொண்டிராது.

குளங்களின் கணக்கு வேறு. நீரேரி மழை விட்டதும் தானாக வற்றத் தொடங்கும். குளமோ துருசு திறந்தால்தான் இறங்கும். கிளிநொச்சியின் இரணைமடுக்குளம் மார்கழியில் 36 அடி நிரம்பி, மிகுதி நீர் வான் பாயும்போது, அந்தக் காட்சியைப் பார்க்கத் திருவிழாக் கூட்டம் போலச் சனம் வருகிறது. கமராவுடன் வருவோரும் அப்போதே வருகிறார்கள். வான்கதவுகளிலிருந்து பாயும் நீரைப் படம் பிடிக்கலாம். பறவைகள் அந்நேரம் குளத்தின் பின்புறத்தில், நீர் ஏறி இறங்கும் அலைகரைக் காடுகளில் சிதறியிருக்கும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்து, ஆனி, ஆடி, ஆவணி என்று நீர் இறங்க இறங்க, அலைகரையில் சேறு வெளிப்பட்டு, குட்டைகளில் மீன் அகப்படத் தொடங்கியதும், கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் ஒரே குட்டையைச் சுற்றி வந்து நிற்கும். அந்தக் காட்சிக்கு வலசைப் பறவை தேவையில்லை. ஆவணி வெயிலைத் தாங்கத் துணிந்தவருக்கு வன்னிக் குளங்களைப் போல ஓர் இடம் இந்நாட்டில் அரிது என்பேன். இதில் ஊர்ப்பற்றும் சிறிது கலந்திருக்கலாம்.

எந்தக் குளம் எப்போது இறங்கும் என்பதை அறியவும் வழி உண்டு. காலபோக அறுவடை முடியும் காலத்தில், ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். எத்தனை ஏக்கருக்கு நீர், எந்தத் திகதியில் துருசு திறப்பது, எப்போது மூடுவது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் அங்கேதான் தீர்மானிப்பார்கள். அத்தீர்மானத்தை அறிந்தவருக்கு அந்த ஆண்டின் பறவைக் காலம் ஏறக்குறைய விளங்கிவிடும். கமக்கார அமைப்பின் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து "குளம் இப்ப எத்தனை அடி நிக்குது?" என்று கேட்டால் யாரும் மறைக்கப்போவதில்லை. மூவாயிரம் ரூபாய் எரிபொருள் செலவழித்து வந்து வான் பாயும் குளத்தைப் பார்த்துத் திரும்புவதிலும் அந்த ஓர் அழைப்பு மலிவு.

நிற்கும் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறுகிறார்கள். இரணைமடுவின் கட்டு வடக்கே, நீர் தெற்கே. தை, மாசியில் சூரியன் தெற்குச் சாய்வாகவே போவதால், கட்டில் நின்று குளத்தைப் பார்ப்பவருக்கு நாளின் பெரும்பகுதி ஒளி முகத்துக்கு நேரே அடிக்கும். பறவை கரிக்கட்டையாகவே பதியும். விடிந்து முதல் ஒன்றரை மணித்தியாலமும், மாலை நான்கரைக்குப் பின்னரும் மாத்திரம் ஒளி பக்கவாட்டில் விழும். மன்னார்ப் பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையிலான தாம்போதியில் இந்தச் சிக்கல் இல்லை. இரு பக்கமும் நீர் இருப்பதால், காலையில் தென்மேற்குப் பக்கத்தையும், மாலையில் முதுகில் வெயில் விழ வடகிழக்குப் பக்கத்தையும் பார்த்து நிற்கலாம். ஆனால் அது நெடுஞ்சாலை. ஓரத்தில் வாகனத்தை நிறுத்திக் கதவைத் திறந்து குதிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பின்னால் வரும் பேருந்துச் சாரதிக்கு பூநாரையும் தெரியாது, படம் பிடிப்பவரும் தெரியமாட்டார்.

ஒளியோடு கானலும் உண்டு. உவர்வெளியில் காலை ஒன்பது மணி கடந்ததும் தரையிலிருந்து சூடு கிளம்பி, தூரத்துப் பறவையின் கால்கள் தண்ணீரில் நெளிவதைப் போல ஆடத் தொடங்கும். அதன் பிறகு 600 மில்லிமீற்றர் கண்ணாடி வைத்திருந்தாலும் படம் தெளிவாக வராது. கமரா பழுதென்று நினைத்துக் கடையில் கொடுத்தவரும் உளர். ஒன்பது மணிக்குப் பிறகு நிழலில் சாப்பிட்டுப் படுத்துவிட்டு மூன்றரைக்கு எழும்புவதே உத்தமம். வாகனத்தை விட்டு இறங்காமல் படம் பிடிப்பது இன்னும் உத்தமம்: நின்ற வாகனத்தைப் பறவைகள் மாட்டைப் போலவே கணக்கெடுக்கின்றன, இரண்டு காலில் நடப்பவனைக் கண்டதும் எழும்பிவிடுகின்றன. முக்காலி தேவையில்லை, ஒரு பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ பயறு நிரப்பிக் கட்டி, கண்ணாடி இறக்கிய கதவின் மேல் வைத்துக் கமராவைச் சாய்த்தால், எந்த முக்காலியிலும் ஆடாமல் நிற்கும். பயணம் முடிந்ததும் பயறை அவித்துச் சாப்பிடலாம் என்பது கூடுதல் வசதி.

மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போயிருந்தது எனக்கு வருத்தம். 1954 இலேயே சரணாலயமாக்கப்பட்ட குளம் அது. அருவியாற்றைத் தேக்கம் என்னும் இடத்தில் மறித்து வாய்க்காலால் கொண்டுவரும் நீரே அதன் உயிர். பரப்பில் பெரியதும் ஆழத்தில் குறைந்ததுமாகையால், ஓரடி நீர் இறங்கினாலும் ஏக்கர் கணக்கில் அலைகரை வெளிப்படும். தாமரையும் அல்லியும் படர்ந்த மூலைகளில் இலைக்கோழியைப் பார்க்கலாம். பங்குனிக்குப் பிறகு அதற்கு வால் அரிவாள் போல நீண்டுவிடும். முட்டையிட்ட பெட்டை வேறு துணை தேடிப் போய்விட, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல்தான். நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் கத்திக்கொண்டு திரியும். மன்னார்ப் பகுதிக்கு வருவோர் நீர்ப்பறவையில் மட்டும் கண்ணாக இருந்துவிட்டு, வீதியோர முட்பற்றைகளைப் பாராமல் திரும்புவது இன்னொரு குறை. கௌதாரியும், இரட்டைவால் கரிச்சானும், செம்முதுகுக் கீச்சானும் தெற்கே உள்ளவர்களுக்கு எளிதில் கிடைக்காதவை. எங்களுக்கோ வேலிக்கம்பியில் நிற்பவை. சிங்கள நண்பர் ஒருவர் கண்டியிலிருந்து வந்து, முருங்கன் பக்கத்தில் ஒரு கரிச்சானைப் படம் பிடித்துவிட்டுக் கைகூப்பியதைக் கண்டபோதுதான், நான் அதுவரை அதை ஒரு தடவைகூடப் படம் பிடித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பெயரில் குளமானாலும் நீரேரியான சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயமாக இருந்து 2015 இல் தேசிய பூங்காவானது. அங்கே போக எண்ணுவோர் இரணைமடுவின் செய்தியைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவைக்கிறேன். வான்கதவு திறந்தால் அந்நீர் கனகராயன் ஆற்றின் வழியே அந்த நீரேரிப் பக்கமாகத்தான் இறங்கும். உவர்நீர் ஐதாகி, ஆழமும் கூடி, பூநாரைகள் வேறு கரை தேடிப் போய்விடும். ஆகவே இரணைமடு வான் பாயும் வாரத்தில் சுண்டிக்குளத்துக்குப் போவது இரட்டை நட்டம். இராமர் அணை மணல் திட்டிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை: வைகாசி முதல் ஆவணி வரை ஆலா என்னும் கடற்பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டையிடுகின்றன, முட்டை மணலின் நிறத்திலேயே இருக்கிறது, நடந்தால் காலடியில் நொறுங்கும். அத்திட்டிகளும் தேசிய பூங்காவுக்குள் அடங்கியவை. படகு வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிப்பதையே விட்டுவிடலாம்.

முல்லைத்தீவின் நந்திக்கடல் நீரேரியையும் வட்டுவாகல் பாலத்தையும் "கண்கொள்ளாக் காட்சி" என்று கட்டுரையாளர் வர்ணித்திருந்தார். அங்கே கூழைக்கடாவும் ஆலாவும் வீச்சுவலைக்காரரைச் சுற்றிப் பறப்பது உண்மை. 2017 இல் அது இயற்கை ஒதுக்கமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2009 இல், போரின் இறுதி நாட்களில், அந்த நீரேரியைக் கடந்து வந்தவர்களும், கடக்க முடியாமற் போனவர்களின் உறவினர்களும் இன்றும் அதன் கரையில்தான் வாழ்கிறார்கள். வைகாசி மாதத்தில், குறிப்பாக அம்மாதத்தின் நடுப்பகுதியில், சனம் அங்கே விளக்கேற்ற வருகிறது. அந்த நாட்களில் நீண்ட கமராக் கண்ணாடியுடன் கரையில் நிற்பது அழகல்ல. வேறு மாதங்களில் வாருங்கள். வந்தால் அங்கே நிற்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கமராவைத் தூக்குங்கள். பறவை எப்பொழுது எந்தப் பக்கம் வரும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

காட்டு விலங்குகளைப் பொறுத்தவரை என் கருத்து கட்டுரைக்கு நேர்மாறானது. சிறுத்தையும் கரடியும் வேண்டுவோர் வில்பத்து தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு எடுத்து, திணைக்களத்தின் வழிகாட்டியுடன் போகட்டும். அதற்கென்றே பாதையும் விதியும் அங்கே உண்டு. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்க வீதிகளில் "மாலையில் யானையைக் காணும் வாய்ப்பு அதிகம்" என்று எழுதியது மட்டும் ஆபத்தான வரி. அந்த யானை இரவு முழுவதும் யானைவெடிச் சத்தத்தில் விரட்டப்பட்டு, வயல்காவற் கொட்டில்களின் விளக்கு வெளிச்சத்தால் மிரண்டு, எந்நேரமும் பாயத் தயாராக வீதியைக் கடக்கும் விலங்கு. பூங்காவுக்குள் சஃபாரி ஜீப்பைப் பார்த்துப் பழகிய யானை வேறு, இது வேறு. அதன் முன்னால் வாகனத்தை நிறுத்தி கமராவின் ஃபிளாஷ் விளக்கை அடிப்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. மிரண்ட யானை அன்றிரவு எந்த வீட்டு வாழைத்தோட்டத்துக்குள் நுழையும் என்பதை அவர் அறியமாட்டார்.

இன்னுமொன்று, இதை வெளியூரார் நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். வன்னியில் வீதியையும் ஆள் நடமாடும் ஒற்றையடிப் பாதையையும் விட்டுப் பற்றைக்குள் இறங்குமுன், அந்த நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று ஊரவரிடம் கேட்க வேண்டும். மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்றும் ஆகாது; பலகைகள் விறகுக்கும் வேலிக்கும் போன கதைகள் உண்டு. பறவையைப் பின்தொடர்ந்து போகிறவர் கண் மேலே இருக்கும், கால் எங்கே படுகிறது என்பது தெரியாது. மாடு மேயும் தடத்தில் மட்டும் நடவுங்கள் என்பதே நான் என்னுடன் வருவோருக்குச் சொல்லும் முதல் விதி.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். கட்டுரையுடன் நீங்கள் வெளியிட்ட படங்களில் ஒன்று, ஒரு நீர்ப்பறவையின் கூடு, முட்டைகளும் தெரிந்தன. கீழே குளத்தின் பெயர், அதன் எந்த மூலை என்பது உட்பட, அச்சிடப்பட்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறு குளத்தின் கட்டில், கிறவல் (சரளைமண்) கொட்டியிருந்த ஓரிடத்தில், ஆட்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டையிட்டிருந்தது. கூர்முனைகள் நான்கும் உள்நோக்கிச் சேர்ந்திருந்தன, மண்ணிறத்தில் கருந்திட்டுகள், இரண்டு முழம் தள்ளி நின்றாலும் கிறவலுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. அது வைகாசி. நண்பகலில் அந்தக் கிறவலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆட்காட்டி சிறிது நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, நீரோரம் ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, ஈரவயிற்றோடு முட்டைகளின் மேல் உட்கார்ந்து அவற்றைக் குளிரச் செய்யும். அடைகாப்பது சூடேற்ற மட்டுமென்று நினைத்திருந்த எனக்கு அது புதுமை. வேலிக்குப் பின்னால், பூவரசு நிழலில் கதிரை போட்டு நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் உறவினர் ஒருவருக்கு அதைக் காட்டினேன். அவர் தொலைவிலிருந்து, மிகப் பொறுப்பாகத்தான் படம் எடுத்தார். அன்றிரவு குளத்தின் பெயரோடு முகநூலில் இட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாகனங்களில் ஆட்கள் வந்தார்கள். கெட்டவர்கள் அல்லர், வந்ததும் எனக்கு வணக்கம் சொன்னவர்கள். கூட்டைச் சுற்றி அரைவட்டமாக நின்று, மறைத்த இரண்டு புல்லைப் பிடுங்கிவிட்டு, பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டேகால் வரை படம் எடுத்தார்கள். ஒருவர் ட்ரோனையும் எழுப்பினார். அதற்கு அனுமதி இருந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அந்த முக்கால் மணித்தியாலமும் ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது. நீரோரம் இறங்கவும் இல்லை, கூட்டுக்கு வரவும் இல்லை. அவர்கள் போனபின் அது வந்து உட்கார்ந்தது. வழமையாக 28 நாள் வரையில் பொரிக்கவேண்டிய முட்டைகள் பொரிக்கவே இல்லை. மேலும் பல நாள் அது அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு காலையில் பறவையும் இல்லை, முட்டையும் இல்லை. யாரும் முட்டையைத் தொடவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். இடத்தைக் காட்டியவன் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனால் நான் தங்களிடம் கேட்பவை இரண்டு. முதலாவது, கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்களை வெளியிட நேர்ந்தால், இடப்பெயரை எடுத்துவிடுங்கள்; "வன்னியில் ஒரு குளம்" என்று போட்டால் படத்தின் அழகு ஒரு துளியும் குறையாது. படம் அனுப்புவோரிடமும் இதை அறிவித்துவிடுங்கள். கூடு கட்டும் காலத்தில் கூட்டையே தேடிப் போகாமல், இரை தேடும் இடத்தைத் தேடிப் போகுமாறு இனி வரும் கட்டுரைகளில் ஒரு வரி சேர்த்தாலும் போதும். இரை தேடும் பறவை நம்மைக் கண்டால் எழுந்து வேறு குட்டைக்குப் போய்விடும். அதற்கு நட்டம் ஒரு மீன்.

இரண்டாவது, மழைக்காலத்தில் எந்தக் குளம் எத்தனை அடி, எத்தனை வான்கதவுகள் திறப்பு என்று தங்கள் பத்திரிகை நாள்தோறும் வெளியிடுகிறது. மழை விட்டதும் அந்தப் பெட்டிச் செய்தி மறைந்துவிடுகிறது. அதையே தை முதல் ஆவணி வரை வாரத்துக்கு ஒருமுறை, இரணைமடு, கட்டுக்கரை, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என ஐந்து குளங்களுக்கு மட்டுமாவது தொடர்ந்து வெளியிட்டால், கமக்காரருக்கும் பயன், கமராக்காரருக்கும் பயன். எண்களைப் பெறுவது சிரமமல்ல. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் துருசடியில் நின்று அவற்றை வாசித்துக் குறித்துக்கொண்டுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பதிப்பில் வந்தால் நல்லது; வார இறுதிப் பயணம் போவோர் அன்றுதான் எங்கே போவதென்று முடிவெடுக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பணியாளர் ஒருவர்,
கிளிநொச்சி.